கவிழ்த்துப் பார்

புதிதாக எந்தச் சாமான் வாங்கினாலும் நம்மவர்கள் முதல் காரியமாக அதைக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ரேடியோவோ, கடிகாரமோ, இஸ்திரிப் பெட்டியோ, அதன் அடிவயிற்றில் பொடி எழுத்தில் எந்த நாடு எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் முகத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். ஜப்பான் என்றிருந்தால் புருவம் மேலே போகும். சீனா என்றிருந்தால் உதடு கீழே போகும். மலேசியா, தாய்லாந்து என்றிருந்தால், 'சரி, இருக்கட்டும்' என்று நடுவாந்திரமாக ஒரு தலையாட்டல். பெண் பார்க்கப் போன இடத்தில் பூர்வீகம் விசாரிக்கிற மாதிரிதான். ('தஞ்சாவூர்ப் பக்கங்களா? அதானே பார்த்தேன், காபியிலேயே தெரிஞ்சுதே!')

எனக்கு இது பரம்பரை வியாதி. நான் பிறப்பதற்கு முன்பே என் பெரியப்பா மஸ்கட்டிலிருந்து ஒரு நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் கொண்டு வந்திருந்தார். அதற்குப் பெரியம்மா பூப்போட்ட உறை தைத்துப் போட்டிருந்தார். வருகிறவர்களுக்குப் பாட்டுப் போட்டுக் காட்ட மாட்டார்கள். உறையைக் கழற்றி, கவிழ்த்து, 'மேட் இன் ஜப்பான்' என்பதைக் காட்டுவார்கள். எதிர் வீட்டுக்காரரும் வளைகுடா ஆசாமிதான். அதே மாடல், அதே நிறம். ஆனால் அதன் அடியில் இருந்தது வேறு தேசம். அந்த ஒரு வரிக்காக எதிர் வீட்டு மாமி பல வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் கொஞ்சம் தலை குனிந்துதான் நடந்தார். இத்தனைக்கும் இரண்டு பெட்டிகளும் ஒரே வருஷத்தில்தான் மண்டையைப் போட்டன. காரணமும் ஒன்றுதான்: இரண்டு வீட்டுப் பையன்களும் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டார்கள்.

இப்போது இதைக் கிளறக் காரணம் ஒரு நண்பர். இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் செக்‌ஷன். பகலெல்லாம் அடுத்தவர் சொல்வதை நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறார். இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தியாகராஜர் கிருதி கேட்கிறார். நாலு மாசமாகச் சிகரெட்டை நிறுத்தி (மனைவியிடம் சொன்ன காரணம் ஆரோக்கியம்) சேர்த்த பணத்தோடு வந்தார்.

"ஏகேஜி கே702 வாங்கணும் சார். புதுசு, சீனாவுல செஞ்சது, கடையில கிடைக்குது. பழசு, ஆஸ்திரியாவுல செஞ்சது, ஒருத்தர்கிட்ட இருக்கு. பழசுக்கு விலை ஜாஸ்தி கேக்கறார். நீங்க பி.காம்தானே, சொல்லுங்க."

பி.காமுக்கும் ஹெட்போனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. நம்மை மதித்து யோசனை கேட்கிறவர்களே குறைவு. பழைய சாமான் புதுசைவிட அதிக விலைக்கு விற்பது கோயில் சிலைக்கும் தாத்தா காலத்து வீணைக்கும் நடக்கும். காதில் மாட்டுகிற பிளாஸ்டிக்குக்கு ஏன் நடக்கிறது? யோசிக்க ஆரம்பித்தேன். யோசித்ததில் இந்த வாரப் பக்கம் நிரம்பிவிட்டது.

ஏகேஜி என்பது வியன்னாவில் 1947-ல் இரண்டு பேர் ஆரம்பித்த கம்பெனி. யுத்தம் முடிந்த ஊர். சினிமா தியேட்டர்களுக்கு ஸ்பீக்கரும் புரொஜக்டரும் செய்து, கார் ஹாரன் செய்து, பிறகு மைக்குக்கு வந்தார்கள். 1953-ல் சி12 என்று ஒரு மைக். இன்றைக்கும் பழைய சி12 ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால், ரிக்கார்டிங் ஸ்டூடியோக்காரர்கள் ஒரு காரின் விலையை எடுத்து வைப்பார்கள். அதன் உயிர் சிகே12 என்கிற பித்தளைக் கேப்ஸ்யூல். செய்வது மகா கஷ்டம். கையால் செய்ய வேண்டும். செய்ததில் பல தேறாது, தூக்கிப் போட வேண்டும்.

கவனியுங்கள், இங்கேதான் கதை திரும்புகிறது. அதே கேப்ஸ்யூலை சி414 என்ற அடுத்த மைக்கிலும் போட்டார்கள். போகப் போக, கட்டுப்படியாகவில்லை என்று பித்தளையை விட்டுவிட்டு வார்த்தெடுத்த நைலானுக்கு மாறினார்கள். ஒலி மாறிவிட்டது என்று அன்றே புலம்பியவர்கள் உண்டு. இன்றும் பழைய மைக் வாங்குகிறவர்கள் உள்ளே பித்தளையா நைலானா என்று திறந்து பார்க்கிறார்கள். இத்தனையும் நடந்தது சீனாவில் அல்ல சார், வியன்னாவில்! அதே ஊர், அதே கம்பெனி, அடியில் அதே 'மேட் இன் ஆஸ்திரியா'. கவிழ்த்துப் பார்த்தால் இது தெரியாது.

சிக்கனம் என்பது எந்த ஊரிலும் உற்பத்தியாகிற சரக்கு. அதற்குப் பாஸ்போர்ட் தேவையில்லை.

1994-ல் அமெரிக்காவின் ஹர்மன் கம்பெனி ஏகேஜியை வாங்கியது. ஹெட்போன்கள் ஒவ்வொன்றாகச் சீனாவுக்குப் போயின. நண்பர் கேட்கிற கே702-வும் அப்படிப் போனதுதான். 2017 மார்ச்சில் ஹர்மனையே சாம்சங் வாங்கியது, 800 கோடி டாலருக்கு. அதே வருஷம் வியன்னா ஆலையை மூடினார்கள். எழுபது வருஷம். அதே வருஷம் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்8 போன் வந்தது. டப்பாவைத் திறந்தால் உள்ளே ஒரு இயர்போன். அதைப் பற்றிப் பெருமையாக 'ட்யூன்ட் பை ஏகேஜி' என்று விளம்பரம். வீட்டை விற்று, ஆட்களை அனுப்பிவிட்டு, வாசலில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையை மட்டும் எடுத்துப் போய் வேறு வீட்டில் மாட்டிய மாதிரி.

பி.காம் படித்ததற்குப் பலன் இங்கே கொஞ்சம் உண்டு. ப்ளஸ் டூ கணக்குப்பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு பாடம் வருமே, ஞாபகம் இருக்கிறதா? குட்வில். புலனாகாச் சொத்து. ஒரு கடைக்கு நல்ல பெயர் இருப்பதால் கூடுதலாக வருகிற லாபம், அதை இத்தனை வருஷத்தால் பெருக்கு என்று அஞ்சு மார்க் கணக்கு. வாத்தியார் கூடவே ஒரு விதி சொல்வார்: நீயாக உழைத்துச் சம்பாதித்த நற்பெயரை ஏட்டில் எழுதக் கூடாது. பணம் கொடுத்து வாங்கிய நற்பெயரைத்தான் எழுதலாம்.

அன்றைக்கு இது எனக்கு அபத்தமாகப் பட்டது. ஆனால் விதி விதிதான். வியன்னாவில் ஒருத்தர் பித்தளையைக் கடைந்து, இன்னொருத்தர் சவ்வை இழுத்துக் கட்டி, மூன்றாமவர் காதில் வைத்துப் பார்த்து 'இது சரியில்லை' என்று குப்பையில் போட்டாரே, அந்தத் தூக்கிப் போட்டதில்தான் பெயர் வந்தது. அது எந்த ஏட்டிலும் இல்லை. ஒருவன் வந்து காசு கொடுத்துப் பெயரை வாங்குகிறான், உடனே ஏட்டில் ஏறுகிறது. ஏறிய பிறகு அது சொத்து. சொத்து என்றால் அதிலிருந்து வருமானம் வர வேண்டும். பெயரை விலை குறைந்த சரக்கின் மேல் ஒட்டினால் வருமானம் உடனே வரும். நாலைந்து வருஷம் கழித்துப் பெயரின் மதிப்பு குறைந்தால் அதற்கும் ஏட்டில் ஒரு பத்தி இருக்கிறது, அங்கே எழுதிக் கழித்துவிடலாம். குப்பையில் போட்ட அந்த மூன்றாமவருக்கு மட்டும் எந்தப் பத்தியும் இல்லை.

அவர்கள் சும்மா இருக்கவில்லை என்பது வேறு விஷயம். வேலை போன ஏகேஜிக்காரர்கள் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் 2017-லேயே கூடி, அதே வியன்னாவில் 'ஆஸ்திரியன் ஆடியோ' என்று புதுக் கம்பெனி தொடங்கினார்கள். 2019-ல் ஓசி818, ஓசி18 என்று இரண்டு மைக் கொண்டு வந்தார்கள். பழைய சிகே12-ஐ அடிப்படையாக வைத்து, பித்தளைக்குப் பதில் பீங்கானில் ஒரு கேப்ஸ்யூல். ஆக, இப்போது ஏகேஜி என்ற பெயர் ஒரு பக்கம், ஏகேஜி செய்தவர்கள் இன்னொரு பக்கம். வாடிக்கையாளர் எதை வாங்குவார்? பெயரைத்தான் முதலில் வாங்குவார். அதற்குத்தான் 800 கோடி டாலர் கொடுப்பவன் கொடுக்கிறான்.

சரி, வெளிநாட்டுக்குப் போனால் தரம் குறையுமா என்ற கேள்விக்கு வருவோம். 'ஆமாம்' என்று முடித்துவிட்டால் நண்பருக்குச் சந்தோஷம். ஆனால் முடியவில்லை.

இங்கிலாந்தில் கெஃப் என்று ஒரு ஸ்பீக்கர் கம்பெனி. 1961-ல் ரேமண்ட் குக் என்பவர் கென்ட் மாவட்டத்து மெய்ட்ஸ்டோனில் தொடங்கியது. 1992-ல் ஹாங்காங்கின் கோல்டு பீக் வாங்கிவிட்டது. 2012-ல், ஐம்பதாண்டு நினைவாக எல்எஸ்50 என்று ஒரு சின்ன ஸ்பீக்கர் செய்தார்கள். அதைக் கட்டியது சீனாவில். வந்ததும், விலைக்கு இதைவிட வேறு என்ன வேண்டும் என்று விமர்சகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். அளந்து பார்த்தவர்களும் கொண்டாடினார்கள், அதுதான் முக்கியம். அளக்கிற கருவிக்குத் தேச பக்தி கிடையாது.

இன்னொன்று குவாட். பீட்டர் வாக்கர் 1936-ல் தொடங்கி, 1957-ல் உலகத்துக்கே எலெக்ட்ரோஸ்டாடிக் ஸ்பீக்கர் என்றால் என்ன என்று காட்டிய கம்பெனி. 1990-களின் பிற்பகுதியில் நொடித்துப் போகிற நிலை. ஐஏஜி என்ற கம்பெனியை நடத்தும் சீன இரட்டைச் சகோதரர்கள் வாங்கினார்கள். கூடவே வார்ஃப்டேல், மிஷன், ஆடியோலேப் என்று நொந்து போயிருந்த வேறு ஆங்கிலப் பெயர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். உற்பத்தி ஷென்ஜெனுக்குப் போனது. இங்கே ஒரு வித்தியாசம். இவர்கள் யாரோ ஒருவரிடம் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கவில்லை. சொந்த ஆலை. மரப்பெட்டி முதல் உள்ளே இருக்கிற கோன் வரை அங்கேயே. குவாட் வெளியூர் போயிருக்காவிட்டால் இங்கிலாந்திலேயே இருந்திருக்கும், கல்லறையில்.

கல்யாணச் சமையல் விஷயம்தான். சமையல்காரர் கும்பகோணத்திலிருந்து வந்தாரா, கடலூரிலிருந்து வந்தாரா என்பதல்ல. பருப்பு என்ன விலையில் வாங்கச் சொன்னீர்கள், பந்திக்கு முன்னால் ருசி பார்க்க யார் நின்றார்கள், சரியில்லை என்றால் அண்டாவைக் கவிழ்க்க அவருக்கு அதிகாரம் உண்டா, இவைதான் விஷயம். ஒப்பந்த ஆலை கொடுத்த விலைக்கு, எழுதிக் கொடுத்ததை, எழுதிக் கொடுத்தபடி செய்யும். எழுதாதது கிடைக்காது. வியன்னாவில் எத்தனையோ விஷயம் எழுதப்படவே இல்லை, ஏனென்றால் எழுத வேண்டியவரும் செய்ய வேண்டியவரும் ஒரே கேன்டீனில் சாப்பிட்டார்கள். பசை எவ்வளவு தடவ வேண்டும் என்று வரைபடத்தில் இருக்கும். எப்போது நிறுத்த வேண்டும் என்பது ஒருத்தருடைய விரலில் இருக்கும். ஆலையைக் கப்பலில் ஏற்றலாம். விரலை ஏற்ற முடியாது. புது ஊரில் புது விரல் பழக வேண்டும். பழக நேரம் கொடுத்தால் பழகும். பெரும்பாலும் கொடுப்பதில்லை, ஏனென்றால் மாற்றியதே அவசரத்தில்.

இதைவிட வேடிக்கை டெக்னிக்ஸ் கதை. பானசோனிக்கின் எஸ்எல்-1200 டர்ன்டேபிள், 1972-ல் வந்தது. டி.ஜே.க்களின் சிவலிங்கம். லட்சக்கணக்கில் விற்றுவிட்டு 2010-ல் நிறுத்தினார்கள். 2016-ல் திரும்பக் கொண்டு வந்தபோது பழைய அச்சுகள் பெரும்பாலும் உதவாது என்று தெரிந்தது. இத்தனைக்கும் கம்பெனி கைமாறவில்லை, தேசம் மாறவில்லை. ஆறே வருஷம் நிறுத்தியதற்கே இந்த நிலை! புதிதாக வடிவமைத்து, ஜப்பானில் செய்து, நாலாயிரம் டாலர் விலை வைத்தார்கள். டி.ஜே.க்கள் மயங்கி விழுந்தார்கள். 2019-ல் அவர்களுக்காக எம்கே7 என்று சுமார் ஆயிரம் டாலருக்கு ஒன்று, மலேசியாவில் செய்து கொடுத்தார்கள். உடனே 'மலேசியாவா!' என்று ஒரு கூட்டம் கிளம்பியது. ஜப்பான் பெட்டியோடு ஒப்பிட்டுக் குறை சொன்னார்கள். ஜப்பான் பெட்டியின் தட்டில் பித்தளை, கையில் மக்னீசியம், மோட்டாரே வேறு. மலேசியப் பெட்டியில் எல்லாமே எளிமையாக வரைந்தது. நாலில் ஒரு பங்கு விலை. இதில் மலேசியாக்காரி என்ன பண்ணுவாள் பாவம்? கொடுத்த சாமானை ஒழுங்காகத்தான் பூட்டியிருக்கிறாள். குறைந்தது சாமான், பழி விழுந்தது ஊர் மேல்.

இதில் கம்பெனிக்காரர்களும் யோக்கியர்கள் இல்லை. 'எங்கே செய்தாலும் தரம் ஒன்றுதான்' என்று பேட்டி கொடுப்பார்கள். ஆனால் கெஃப்பின் விலை உயர்ந்த ரெஃபரன்ஸும் பிளேடும் மெய்ட்ஸ்டோனில்தான் செய்யப்படுகின்றன. பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் தன் 800 வரிசையை இங்கிலாந்தில் வொர்த்திங்கில் வைத்துக்கொண்டு, மலிவான 600 வரிசையைச் சீனாவுக்கு அனுப்பியிருக்கிறது. மூத்த பெண்ணை உள்ளூரிலேயே கொடுத்துவிட்டு, 'தூரம் எல்லாம் ஒரு விஷயமா!' என்று இளையவளுக்கு ஆறுதல் சொல்கிற அப்பா மாதிரி. ஊர் ஒரு பொருட்டே இல்லை என்றால் விளம்பரத்தில் அந்த ஊர்ப் பெயரை ஏன் அத்தனை பெரிதாகப் போடுகிறார்கள்? மலிவுச் சரக்கில் 'வடிவமைத்தது இங்கிலாந்தில்' என்று முன்பக்கமும், 'செய்தது' என்பது பின்பக்க ஸ்டிக்கரிலும் வருவது ஏன்?

(நம் பம்பாய் ஆட்கள் இதில் மேதைகள். உல்லாஸ்நகரில் செய்த சாமானில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று போட்டுவிட்டு, உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன் என்று விளக்கம் கொடுத்ததாகச் சொல்வார்கள். பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை.)

ஆனால் இந்த ஊர்ப் பெயர்களின் மானம் மரியாதை நிரந்தரமும் அல்ல. 1887-ல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. ஜெர்மன் சரக்கெல்லாம் மட்டம், ஜனங்கள் ஏமாறக் கூடாது, எனவே எந்த நாடு என்று எழுதியே ஆக வேண்டும் என்று. 'மேட் இன் ஜெர்மனி' என்பது ஒரு எச்சரிக்கையாகப் பிறந்த வாசகம் சார்! சில வருஷத்தில் ஜனங்கள் அதைத் தேடி வாங்க ஆரம்பித்தார்கள்.

பெரியம்மா உறையைக் கழற்றிக் காட்டிய ஜப்பானும் அப்படித்தான். சோனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 'மேட் இன் ஜப்பான்' என்றால் அன்று அமெரிக்காவில் மட்டரகம் என்று பொருள். அதனால் அந்த வரியை எத்தனை பொடியாக அச்சடிக்க முடியுமோ அத்தனை பொடியாக அடித்தார்களாம். அமெரிக்கச் சுங்க இலாகா, 'இது கண்ணுக்கே தெரியவில்லை, பெரிதாகப் போடு' என்று சொல்ல வேண்டியிருந்ததாம்.

இதே மொரிட்டா 1955-ல் டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துக்கொண்டு அமெரிக்கா போனார். புலோவா கடிகாரக் கம்பெனி ஒரு லட்சம் ரேடியோவுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒரே நிபந்தனை, ரேடியோவில் புலோவா பெயர் இருக்க வேண்டும். மொரிட்டாவின் கம்பெனியே அன்று சின்னது. ஊருக்குத் தந்தி அடித்தால், 'ஒப்புக்கொள்' என்று பதில். மொரிட்டா ஒப்புக்கொள்ளவில்லை. ஐம்பது வருஷத்துக்கு முன் உங்கள் பெயரும் யாருக்கும் தெரியாதுதானே, இன்னும் ஐம்பது வருஷத்தில் எங்கள் பெயர் உங்கள் பெயர் அளவுக்கு வரும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார். நம்ம ஆடிட்டரிடம் கேட்டிருந்தால், கையில் இருக்கிற ஆர்டரை விடுவதாவது என்று மொரிட்டாவைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பச் சொல்லியிருப்பார்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் நண்பர், "அது சரி சார், நான் எதை வாங்கறது?" என்றார்.

பேசிப் பிரயோசனமில்லை, சோதித்துவிடலாம் என்று முடிவு செய்தோம். பழசை அட்வான்ஸ் கட்டி இரண்டு நாள் இரவல் வாங்கினார். புதுசு, வடபழனியில் எனக்குத் தெரிந்த டப்பிங் ஸ்டூடியோவில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நண்பரின் கண்ணைத் துண்டால் கட்டினேன். ஒரே பாட்டு. இரண்டையும் ஒரே அளவு சத்தத்தில் வைக்கச் சொன்னேன், ஏனென்றால் துளி சத்தம் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் 'நல்ல ஒலி' என்று சொல்லிவிடும். மாற்றி மாற்றி மாட்டினேன். பத்துக்குப் பத்தும் சரியாகச் சொன்னார்!

"பார்த்தீங்களா சார், வியன்னா வியன்னாதான்!"

ஸ்டூடியோப் பையன் சிரித்தான். "அண்ணே, பழசுல மெத்தை அமுங்கிப் போயிருக்கு. காதுல வெச்சதுமே தெரிஞ்சிரும். மெத்தை தேஞ்சா பாஸும் மாறிடும்ணே."

இந்த ஹெட்போனில் மெத்தையைத் திருகிக் கழற்றலாம். ஒரே ஜோடிப் புது மெத்தையை இரண்டுக்கும் மாற்றி மாற்றிப் போட்டு மறுபடி ஆரம்பித்தோம். ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்ட நேரமாயிற்று. மூன்று டீ. இந்தத் தடவை பத்துக்கு ஆறு. காசைச் சுண்டினாலே அஞ்சு வரும். நண்பர் துண்டை அவிழ்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

சரி, சீனா ஜெயித்தது, பணம் மிச்சம் என்று நினைத்தேன். மறுநாள் போன் செய்தார். பழசையே வாங்கிவிட்டாராம்.

"ஏன் சார்? நீங்களே கேட்டீங்களே!"

"சத்தத்துக்காக இல்ல சார். புதுசு எப்ப வேணா கிடைக்கும். இத செஞ்ச இடத்த மூடிட்டாங்க. இனிமே வராதுல்ல?"

கிளெய்ம் செக்‌ஷன் ஆசாமி பேசுகிற பேச்சா இது! ஆனால் கூடுதலாகக் கொடுத்த பணத்துக்கு ஏட்டில் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். அஞ்சு மார்க் கணக்கு.

பழைய மெத்தை அமுங்கிப் போயிருந்ததால் புது மெத்தைக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார். ஷென்ஜெனிலிருந்து வருகிறது, இரண்டு வாரம் ஆகுமாம்.